கூலி ஏறினால் தட்டில் என்ன ஏறும்? நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக் கணக்கு

கேள்வி இதுதான்: தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலியைக் கூட்டினால் அவர்களுடைய சாப்பாடும் உடம்பும் தேறுமா, அந்தக் காசு வேறு வழியில் போய்விடுமா?

தேறும். ஆனால் எத்தனை ரூபாய் ஏறியது என்பது பாதிக் கதைதான். அடிப்படைக் கூலியில் ஏறியதா, கூடுதலாகப் பறிக்கும் கிலோவுக்கான காசில் ஏறியதா? வாராவாரம் கைக்கு வருகிறதா, நிலுவையாக மொத்தமாக வருகிறதா? கூலி ஏறிய அதே மாதத்தில் ‘நிறை’ (ஒரு நாள் கூலிக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு) எத்தனை கிலோ கூடியது, மாதத்துக்கு எத்தனை ‘பேர்’ (கூலிக் கணக்கில் விழும் வேலைநாள்) குறைந்தது? இவற்றுக்கு விடை தெரியாமல் தட்டைப் பற்றிப் பேச முடியாது.

முதலில் ஒரு பழைய விஷயம். கூலிக் கணக்கில் சாப்பாடு தொடக்கத்திலிருந்தே உண்டு. 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு சூத்திரம் வகுத்தது. உழைப்பவர் ஒரு அலகு, துணை 0.8, இரண்டு பிள்ளைகள் தலைக்கு 0.6, ஆக மூன்று அலகு. அலகுக்கு 2700 கலோரி வீதம் குடும்பத்துக்கு நாள் ஒன்றுக்கு 8100. அதோடு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, விறகு விளக்குச் செலவுக்கு 20 விழுக்காடு. 1991-ல் உச்ச நீதிமன்றம் படிப்பு, மருத்துவம், விசேஷம், முதுமைக்கால ஏற்பாடு ஆகியவற்றுக்காக 25 விழுக்காட்டைச் சேர்த்தது.

அந்த 2700 கலோரிக்கு மாநாடு ஆதாரமாகக் கொண்டது டாக்டர் அய்க்ராய்டின் பரிந்துரையை. அவர் 1935 முதல் 1945 வரை இயக்குநராக இருந்த ஆய்வுக்கூடம் வேறெங்கும் இல்லை, குன்னூரில்தான் இருந்தது. 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் தொடங்கிய சிறு பிரிவுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நாட்டின் கூலிச் சூத்திரத்துக்கு உணவு அளவு சொன்ன ஊரிலேயே, பக்கத்து எஸ்டேட்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அந்த அளவு இன்னும் முழுசாக எட்டவில்லை.

குன்னூர் ஆய்விலிருந்தே அடுத்த பாடமும் வருகிறது. மெக்கரிசன் எலிகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பகுதி மக்களின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் முதலிடத்தில் வளர்ந்தன. தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட மதராஸ் உணவைத் தின்றவை கடைசியில் நின்றன. வயிறு நிறைவது ஒன்று, உடம்பு தேறுவது இன்னொன்று. கூலி உயர்வைக் கலோரியில் மட்டும் அளந்தால் இந்த இடத்தில் கோட்டை விட்டுவிடுவோம்.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ரேஷனில் 20 கிலோ அரிசி இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நாளுக்குச் சுமார் 2300 கலோரி, அதாவது 8100-ல் கால் பங்குக்குச் சற்று மேல். மிச்சத்தில் பெரும்பகுதியையும் கடை அரிசி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவைதான் நிரப்புகின்றன, ஏனென்றால் ஒரு ரூபாய்க்கு அதிகக் கலோரி தருபவை அவைதான். விடுபடுவது பருப்பு, முட்டை, பால், கீரை, காய். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 2000 கலோரித் தட்டுக்குச் சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், கறி 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். 85 கிராம் என்றால் ஒருவருக்கே மாதம் இரண்டரைக் கிலோ. ரேஷனில் 30 ரூபாய்க்கு வருவது முழு அட்டைக்கும் சேர்த்து ஒரு கிலோ துவரம்பருப்பு. கூலி உயர்வு அடைக்க வேண்டிய பள்ளம் இதுதான்.

இப்போது கூலியைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு நாளுக்கு 50 ரூபாய் ஏறியது என்று கொள்வோம். 26 பேர் விழுந்த மாதத்தில் 1300. வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, 156 ரூபாய், போக 1144 கைக்கு. முட்டை 7 ரூபாய் என்றால், நாலு பேரும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு முட்டை சாப்பிட மாதம் 60 முட்டை, 420 ரூபாய். கொள்ளு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை கலந்து இரண்டு கிலோ 220 என்று போடுங்கள். கூடுதல் கீரை, காய்க்கு 300. மொத்தம் 940. இருநூறு ரூபாய் மிச்சமாகிறது. அதாவது 50 ரூபாய் உயர்வு, முழு மாத வேலை இருந்தால், ஒரு குடும்பத்தின் தட்டை நிஜமாகவே மாற்றும்.

அந்த “முழு மாத வேலை இருந்தால்” என்பதில்தான் மலையின் பருவம் குறுக்கே வருகிறது. கோடை மழைக்குப் பிறகு ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பரிலிருந்து ஆண்டு முடியும் வரையும் கொழுந்து பொங்கும். டிசம்பர் கடைசியில் உறைபனி பிடித்தால் செடி கருகும், மார்ச் வரை வறட்சி. வாரத்துக்கு மூன்று நாலு பேர்தான் என்று தற்காலிகத் தொழிலாளர்களுக்குச் சுருங்குவது அப்போதுதான். 18 பேர் மட்டும் விழுந்தால் அதே 50 ரூபாய் உயர்வு பிடித்தம் போக 792 ஆகிறது. மேலே போட்ட 940 கட்டாது. வெட்டப்படும் வரிசையும் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: முதலில் பால், பிறகு முட்டை, பிறகு காய். அரிசியும் தேநீருக்குச் சர்க்கரையும் கடைசிவரை நிற்கும். ஆகவே நாள் கூலியை ஏற்றுவதோடு, வறட்சி மாதத்தில் குறைந்தது இத்தனை நாள் வேலை என்ற உறுதியும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உயர்வு பிப்ரவரியிலும் சோற்றுக்கு வரும். சங்கங்கள் ரூபாயைப் பேசும் அளவுக்கு நாளைப் பேசுவதில்லை.

அடுத்து நிறை. ஒரு பேர் போட இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் வைத்திருக்கும் அளவு அது. அதற்கு மேல் எடுக்கும் கிலோவுக்குத் தனிக் காசு. கூலி ஏறும்போது நிர்வாகம் இந்த அளவை இரண்டு மூன்று கிலோ உயர்த்தினால், உயர்வின் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். அடிப்படைக் கூலியை அப்படியே விட்டுவிட்டுக் கிலோக் காசை மட்டும் ஏற்றினால் இன்னும் மோசம். உடம்புக்கு இந்த இரண்டு உயர்வும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன. அடிப்படை ஏறினால், ஒரு பெண் சீக்கிரமே நிறையை முடித்தபின் மதியம் உட்கார்ந்து சாப்பிடலாம், காய்ச்சல் வந்தால் ஒருநாள் நிற்கலாம். கிலோக் காசு ஏறினால் மதியச் சாப்பாடு ஐந்து நிமிடத்தில் முடியும், மூட்டையின் கனம் கூடும், தண்ணீர் குடிப்பது குறையும். தோட்டத்துக்குள் கழிப்பிடம் இல்லாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதை வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். குளிரில் தாகமும் தெரியாது. சிறுநீர்க் கடுப்பும் கல்லும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எடை போடும் இடத்தையும் கவனியுங்கள். மழைக்காலத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிப்பார்கள். கழிவு எத்தனை என்பது எழுத்தில் இல்லாவிட்டால் அது மேஸ்திரியின் மனநிலையைப் பொறுத்தது. சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியவை இவை: எத்தனை பேர், அடிப்படையும் பஞ்சப்படியும் தனித்தனியாக, நிறைக்கு மேல் எத்தனை கிலோ, என்னென்ன பிடித்தம். பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். அந்த மாதச் சீட்டில் எண் மாறாவிட்டால் உடனே கேட்க வேண்டும். பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து பொதுவாகக் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது.

நிலுவை என்பது தனி விஷயம். அறிவித்த உயர்வு வழக்கு, பேச்சுவார்த்தை என்று இழுத்து, கடைசியில் பல மாதத்துக்குச் சேர்த்துக் கைக்கு வருவது தோட்டங்களில் புதிதல்ல. அப்படி மொத்தமாக வரும் பணம் அடகு மீட்க, கடன் அடைக்க, கூரைத் தகரம் மாற்றப் போகும். அதைத் தப்பு என்று சொல்வதற்கில்லை. வட்டி நிற்பது மன நிம்மதி, அதுவும் ஆரோக்கியம்தான். ஆனால் அந்த மாதங்களில் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைக்கு அது முட்டையாகத் திரும்பி வராது. வாரச் சம்பளத்தில் சிறிது சிறிதாக ஏறும் பணம்தான் சமையலறைக்கு வழி கண்டுபிடிக்கும். குழுக்கடன் தவணையும் வாரக் கணக்கில் இருப்பதால், உயர்வு வந்த கையோடு பெரிய கடனை எடுத்துவிட்டால் உயர்வு முழுவதும் தவணைக்கே போய்ச் சேரும்.

வெளிநாட்டு ஆய்வுகளைக் காட்டி “கூலி உயர்ந்தாலும் உடம்பு மாறவில்லையே” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரம் 2017-ல் மணிக்கு 15 டாலர் வரை படிப்படியாக உயர்த்தும் சட்டம் போட்டது. நகரங்கள் தனிக் கூலி வைக்கச் சட்டம் இடம் தராத வட கரோலினாவின் ராலே நகரத் தொழிலாளர்களோடு ஒப்பிட்டபோது, உடல் எடைக் குறியீட்டில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அங்கே ஏழைகளின் சிக்கல் எடை கூடுவது, இங்கே ரத்தம் குறைவது. ஒரே தராசில் வைக்க முடியாது. அதே அமெரிக்காவில் மாநிலங்களை ஒப்பிட்ட ஆய்வுகளில், குறைந்தபட்சக் கூலி ஒரு டாலர் உயர்ந்த இடங்களில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் 1 முதல் 2 விழுக்காடும், பிறந்து ஒரு மாதத்துக்குப் பின் ஒரு வயதுக்குள் நேரும் இறப்பு 4 விழுக்காடும் குறைந்தன. அதிகம் படிக்காதவர்களிடையே தற்கொலையும் குறைந்தது. ஆக, முதலில் மாறுவது கர்ப்பிணியின் உடம்பும் மன அழுத்தமும். இடுப்பளவை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது.

நீலகிரியில் கூலி உயர்வால் மாறக்கூடிய முதல் உடல் அளவு எதுவென்றால் ரத்தத்தின் ஹீமோகுளோபின். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், சாதாரண அரிசியில் அது மிகக் குறைவு. ஆனால் முட்டையும் பயறும் கூடினால் மட்டும் ரத்தம் ஊறிவிடும் என்று நினைக்க வேண்டாம். மூன்று தடைகள் உண்டு.

ஒன்று, தேயிலையே. சாப்பிட்ட கையோடு குடிக்கும் கட்டஞ்சாயா, உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்து, கீரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் அதே கீரையிலிருந்து கூடுதல் இரும்பு சேரும். செலவே இல்லாத மாற்றம் இது. இரும்பு மாத்திரைக்கும் இதே விதி.

இரண்டு, கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் தோல் வழியாக ஏறி, குடலில் ரத்தம் குடிக்கும். பூட்ஸும் கழிப்பிடமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையும் இல்லாமல் கறி வாங்கிப் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

மூன்று, அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இது முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளிடம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் போன்ற சமூகங்களிலிருந்து கொழுந்தெடுக்க வருபவர்களுக்கு ரத்தம் குறைந்தால் முதலில் இந்தச் சோதனை வேண்டும். இதை உணவோ கூலியோ தீர்க்காது. கூலி செய்யக்கூடியது, நாள்கூலி போனாலும் மருத்துவமனைக்குப் போய்வர ஒரு தெம்பு தருவது மட்டும்.

பருப்பு வாங்கக் காசு வந்தும் பருப்பு வேகாத வீடுகள் இந்த மலையில் இருக்கின்றன என்றால் கீழ்நாட்டுக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94. திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலையோ பட்டர் பீன்ஸோ வேக, சமவெளியைவிட விறகும் நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். விறகு பொறுக்கக் காட்டெருமையும் சிறுத்தையும் உலவும் சோலை ஓரத்துக்குப் போக வேண்டும். எனவே கூலி உயர்வின் முதல் மாத மிச்சத்தில் ஒரு குக்கர், அல்லது பழைய குக்கருக்குப் புது கேஸ்கட், வாங்குவது முட்டையைவிட முக்கியம் என்றே சொல்வேன். அது வந்தால்தான் பயறு மெனுவுக்குள் வரும். ஊறவைப்பதும் இந்தக் குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். வெதுவெதுப்பான நீரில் போட்டு மூடி, இரவு முழுக்க அடுப்பின் பக்கத்தில் வையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போட வேண்டாம், அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். அந்தச் சத்துக் குறைந்தால் வருவதுதான் பெரிபெரி. எந்த நோயை ஆராயக் குன்னூரில் கூடம் கட்டினார்களோ அதே நோய்.

கேழ்வரகு விஷயத்தில் அரசு நல்லது செய்திருக்கிறது. 2023 மே முதல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கிடைக்கிறது. கால்சியத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. காசு கூடும்போது முதலில் கூடுவது எது என்பதிலும் கவனம் தேவை. சர்க்கரை, பாமாயில், பேக்கரி. மாலைத் தேநீரோடு நாலு வர்க்கி என்பது மலையின் சுகம், மறுப்பதற்கில்லை. அது நாள்தோறும் ஆகி, முட்டை வாரம் ஒருமுறையே நின்றால், உயர்வு சர்க்கரை நோயாகவும் ரத்த அழுத்தமாகவும்தான் சேமிக்கப்படும்.

காய்கறியில் ஒரு முரண். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் இந்த மலையில் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. லைன் கடைக்கு வருவது உடைந்ததும் சிறுத்ததும்தான். உடைந்த கேரட்டில் சத்து ஒன்றும் குறையாது, தயங்காமல் வாங்கலாம். லைன் வீட்டுப் பின்புறம் வேலியில் ஒரு மேராக்காய்க் கொடி, ஓரத்தில் கீரைப் பாத்தி போட்டால் 300 ரூபாய்க் காய்ச் செலவில் நல்ல பங்கு மிச்சம். பூச்சிமருந்து அடிக்கும் தேயிலை வரிசைக்கு ஒட்டிப் பாத்தி போடக் கூடாது, அவ்வளவுதான்.

கூலி உயர்வால் கை நழுவக்கூடிய சலுகைகளையும் முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 72,000-லிருந்து 1,20,000 ஆனது. நாள் கூலி 450 என்றால் 270 நாள் வேலையில் ஒருவர் வருமானமே 1,21,500. மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வரம்பு இரண்டரை லட்சம். கணவன் மனைவி இருவரும் அதே கூலியில் 300 நாள் உழைத்தால் 2,70,000. நாளுக்கு 50 ரூபாய் கூடி, மாதம் 1000 ரூபாயும் மருத்துவக் காப்பீடும் போனால் உயர்வில் நல்ல பங்கு அங்கேயே கரைந்துவிடும், பெரிய நோய் வந்தால் அந்தக் குடும்பம் முன்னைவிடப் பின்னால்தான் போகும். கூலியை ஏற்றும் அரசே இந்த வரம்புகளையும் கூடவே ஏற்றியாக வேண்டும். இதில் தொழிலாளர் செய்யக்கூடியது ஏதுமில்லை.

தோட்டத்துக்குத் தோட்டமும் விளைவு மாறும். 15 தொழிலாளர்களோ அதற்கு மேலோ வேலை செய்யும், 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டங்களில் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவம், குடிநீர் உரிமையாகவே வந்தன. 50 பெண்கள் இருந்தால் பிள்ளைக்காப்பகம், 150 தொழிலாளர் இருந்தால் கேன்டீன் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. கூலி ஏறியதும் காப்பகத்தில் பால் நிற்பதும், டிஸ்பென்சரியில் மருந்து குறைவதும் நடந்தால், அது கொடுத்ததை மறுகையால் எடுப்பது. சிறு விவசாயியின் கதை வேறு. ஒருவர் 30 கிலோ எடுத்து 450 ரூபாய் கூலி வாங்கினால் கிலோவுக்கு 15 ரூபாய் பறிப்புச் செலவு. பச்சைத் தேயிலை 18 ரூபாய்க்குப் போனால் உரத்துக்கும் மருந்துக்கும் மிச்சம் மூன்று ரூபாய். அவர் கைப்பறிப்பை விட்டு, கொழுந்து வெட்டும் கத்திரிக்கும் மெஷினுக்கும் மாறுவார். மெஷின் பிடிப்பது பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பேர் இழப்பார்கள், வீட்டில் உணவுக்குச் செலவழிக்கும் கையில் பணம் குறையும். பச்சைத் தேயிலைக்கு நியாய விலை இல்லாமல் சிறு தோட்டங்களில் கூலியை மட்டும் ஏற்றினால் அது இப்படித்தான் திரும்பும்.

ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் தங்கள் ஊர் அட்டையைக் காட்டி இங்கே ரேஷன் தானியம் வாங்கலாம். மானியத் துவரம்பருப்பும் பாமாயிலும் தமிழக அட்டைக்கு மட்டும். ஆகவே ஒரே கூலி உயர்வில் அவர்கள் தட்டுக்கு வரும் பருப்பு குறைவு. எஸ்டேட் கேன்டீன் இயங்கினால் அவர்களுக்குத்தான் முதல் பயன்.

உயர்வு உடம்பில் சேர்ந்ததா என்று பார்க்க விரும்பும் சங்கமோ தோட்ட மருத்துவமனையோ பெரிய ஆய்வு நடத்த வேண்டியதில்லை. உயர்வுக்கு முன் ஒருமுறை, பிறகு அடுத்த பிப்ரவரியில் ஒருமுறை, அதே பெண்களுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 கிராம் எல்லைக்கோடு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் எடையும் உயரமும் அங்கன்வாடிப் பதிவேட்டிலேயே இருக்கும். ஜூலையில் பார்த்தால் எல்லா எண்ணும் நன்றாகத்தான் தெரியும், கொழுந்து பொங்கி ஓய்ந்த நேரம் அது. பிப்ரவரி எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்காருங்கள்.